சுண்ணாம்பு துலக்கிய முகம்

பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் உள்ளே நுழைய வேண்டும். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் கணினி, அதற்கும் பின்னால் ஒரு நீலத் திரையும் முக்காலியும். அங்கே முதலாளி, போட்டோ எடுப்பவர், தரை பெருக்குபவர் எல்லாம் ஒரே ஆள்தான். அவரை எல்லோரும் சுண்ணாம்பு என்று கூப்பிடுவார்கள். யார் போய் முக்காலியில் உட்கார்ந்தாலும் வெள்ளையடித்து அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர்.

வெள்ளையடிப்பதோடு விட்டால் பரவாயில்லை. பருவை வழிப்பார், மச்சத்தைத் துடைப்பார், தூங்காத கண்ணுக்குத் தூக்கம் கொடுப்பார், கோணல் மூக்கை நேராக்குவார். யாரும் கேட்டுச் செய்வதில்லை. கை தானாகப் போகும். அவருடைய கடையில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களை வாசலிலேயே நிறுத்தி, "இது நீங்களா, உங்க தம்பியா?" என்று கேட்ட கதை நிறைய உண்டு. ஆனாலும் கூட்டம் குறையவில்லை. தம்பி மாதிரி இருக்க யாருக்குத்தான் கசக்கும்?

சுண்ணாம்புக்குக் கல்யாணம் ஆகவில்லை. மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். சுண்ணாம்பு கணினி வாங்கிப் படம் திருத்தக் கற்றுக்கொண்ட காலத்தில், அசையாமல் உட்கார்ந்து, காசும் கேட்காமல் முகத்தைக் கொடுத்த ஒரே மனிதர் இந்த மாமாதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சாப்பிட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். எழுப்பிக் கண்ணைத் திறக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, அதே படத்தில்தான் சுண்ணாம்பு தொழில் முழுவதையும் பழகினார். மாமாவுக்கு இரட்டைத் தாடை, மூக்கோரம் உளுந்து அளவு மச்சம், இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் இறக்கம். எல்லாவற்றையும் திருத்தித் திருத்திக் கடைசியில் ஒரு முகம் வந்தது. அதைத்தான் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்தார். இடது பக்கம் மாமா, கீழே 'முன்' என்று எழுத்து. வலது பக்கம் ஒரு மாப்பிள்ளை, கீழே 'பின்'.

அக்கா முதன்முதலில் அதன் முன்னால் நின்றபோது இடதையும் வலதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இந்த ரெண்டாவது ஆளை எனக்குப் பேசி முடிச்சிருந்தா நான் இன்னைக்கு வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் யாரு திறக்கச் சொன்னா?" என்றார் மாமா. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு சிறுமி காணாமல் போனாள். நாலாம் வகுப்பு படிக்கிற பெண். காலையில் பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள், தெருமுனையில் வந்து நிற்கிற வேனில் ஏறவில்லை. அது மாமாவின் வேன். அவர் காத்திருந்தார், இரண்டு தடவை ஹாரன் அடித்தார், உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மத்தியானம் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போன் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் கைபேசியில் ஒரு குழு முளைத்துவிட்டது. பெயர் 'விடமாட்டோம்'. தொடங்கியவர் ஒரு இன்சூரன்ஸ் முகவர். கைபேசியில் தன் படத்துக்குப் பதிலாக ஆந்தைப் படம் வைத்திருந்ததால் எல்லோரும் ஆந்தை சார் என்பார்கள். பாலிசி போடச் சொல்லி அவர் சேர்த்து வைத்திருந்த எண்கள் எல்லாம் அன்றைக்கு ஒரே நேரத்தில் துப்பறிய வந்தன. இவர்களில் முக்கியமானவர் தாய்ப்புலி என்ற பெயரில் எழுதும் ஒரு பெண். காணாமல் போன சிறுமியின் வகுப்புத் தோழிக்கு அம்மா. ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். கைபேசியில் தட்டினால் விரல் வலிக்கிறது என்று எல்லாவற்றையும் பேசியே அனுப்புவார்.

சுண்ணாம்பும் சேர்ந்தார். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த சிறுமியின் படம் அவர் எடுத்தது. போன மாதம்தான் விடுதிப் பள்ளி விண்ணப்பத்துக்கு என்று அம்மாவும் அப்பாவும் கூட்டி வந்தார்கள். "சிரி பாப்பா" என்று சொன்னபோது, "விடுதிக்குப் போற போட்டோல யாராவது சிரிப்பாங்களா?" என்று கேட்ட பெண். அந்தக் கேள்வியை அவர் மறக்கவில்லை.

முதல் நாள் குழுவில் நடந்ததை எல்லாம் எழுதினால் நம்ப மாட்டார்கள். ஒருவர் சிறுமியின் வீட்டுப் படிக்கட்டைப் படம் எடுத்துப் போட்டு, செருப்பு ஏன் தலைகீழாகக் கிடக்கிறது என்று கேட்டார். அது பால்காரரின் செருப்பு என்று தெரிவதற்குள் பால்காரரின் பூர்வீகம் வரைக்கும் போய்வந்துவிட்டார்கள். இன்னொருவர் காற்று வீசும் திசையை வைத்து வடக்கே தேடச் சொன்னார். எந்தக் காற்று, எதற்கு வடக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் "நீங்க யாரு, எதுக்குத் தடுக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

மறுநாள் காலையில் ஒரு ரொட்டிக்கடை கேமராவின் காட்சி வந்தது. கடையில் இருந்த திரையை யாரோ கைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தெரு, மழைத்தூறல், சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கும் தொப்பி போட்ட ஒரு உருவம். உருவத்தின் முகம் கடுகளவு.

"முகம் மட்டும் தெரிஞ்சுட்டா முடிஞ்சது கதை," என்று எழுதினார் ஆந்தை சார். "நம்ம குழுவில போட்டோக்காரர் யாராவது இருக்கீங்களா?"

சுண்ணாம்பின் காதுக்குள் யாரோ மணி அடித்த மாதிரி இருந்தது. பத்து வருடங்களாகச் சளி வழிந்த முகங்களைத் துடைத்ததெல்லாம் இந்த ஒரு முகத்துக்காகத்தானோ என்றுகூட நினைத்தார். கடைக் கதவைப் பாதி இறக்கினார். ஒரு மாணவன் வந்து அடையாள அட்டைக்குப் படம் கேட்டான். "நாட்டு வேலை நடக்குது, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்.

கடுகைப் பெரிதாக்கினார். கட்டம் கட்டமாக வந்தது. கட்டங்களை மழுங்கடித்தார். இரண்டு இருட்டுத் திட்டு தெரிந்தது, கண்ணாகத்தான் இருக்க வேண்டும். கண்ணுக்கு ஓரம் கட்டினார். கண் இருந்தால் மேலே புருவம் இருக்கும் அல்லவா? போட்டார். மூக்குக்குக் கீழே நிழல் மாதிரி ஒன்று இருந்தது, மீசையாகத் துலக்கினார். தாடைப் பக்கம் மங்கலாக இருந்தது, ஒழுங்கு செய்தார். ஒவ்வொன்றும் அவர் தினமும் செய்கிற வேலைதான். எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை என்றுதான் அவர் நம்பினார். வேலை முடிந்து நிமிர்ந்தபோது, திரையில் ஒரு மனிதன் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. குற்றவாளி என்றால் அப்படித்தான் தோன்றும் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு படத்தை அனுப்பினார்.

குழு கொண்டாடியது. கைதட்டல் படங்கள் கொட்டின. ஆந்தை சார் அவருக்குக் கழுகுக்கண் என்று பட்டம் கொடுத்தார். மதியம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது, "என்னைக் கழுகுக்கண்ணுன்னு சொல்றாங்க" என்றார்.

"அந்தக் கண்ணால தட்டைப் பாத்துச் சாப்பிடு. கீழ கொட்டற," என்றாள் அக்கா.

அன்று மாலைக்குள் கதை மாறியது. தாய்ப்புலி துணிக்கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டூடியோவைக் கடந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். சுண்ணாம்பு அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்து கைபேசியைத் திறந்தால், குழுவில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்று அவர் துலக்கிய முகம். இன்னொன்று அவருடைய சொந்தக் கண்ணாடிப் பெட்டியின் 'பின்'. அதே புருவம், அதே மீசை, அதே தாடை.

கூடவே தாய்ப்புலியின் குரல்: "எல்லாரும் நல்லா பாருங்க. இது யாரு தெரியுமா? எங்க புள்ளைங்க போற ஸ்கூல் வேன் டிரைவர். காணாமப் போன பொண்ணும் அதே வேன்தான். அன்னைக்கு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சிருக்கான். எதுக்கு ரெண்டு தடவை? யோசிங்க. எனக்குக் கையெல்லாம் நடுங்குது. என் பொண்ணு வேற பயந்துபோய் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறா."

சுண்ணாம்பு வெளியே வந்து கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடுகுக்குள் முகம் எதுவும் இருக்கவில்லை. அவருடைய கைக்கு முழுதாகத் தெரிந்த முகம் உலகத்தில் ஒன்றுதான். அது காலி இடம் கிடைத்ததும் அந்த முகத்தையே போட்டுவிட்டது.

அடுத்த நாள் காலையில் மாமா வேனைத் துடைத்துத் தயாராக நின்றார். பள்ளியிலிருந்து போன் வந்தது. பெற்றோர் பயப்படுகிறார்கள், விஷயம் தெளிவாகும்வரை வேனை எடுக்க வேண்டாம் என்றார்கள். மாமா சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நாலைந்து பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வாசல் கேட்டுக்கு மேலாகக் கல் ஒன்றை எறிந்தான், அது துவைக்கிற வாளியில் விழுந்தது. அக்கா வாளியோடு வெளியே வந்து தண்ணீரை அப்படியே அவன்மேல் ஊற்றினாள். "கல்லு உன்னோடதா? இந்தா எடுத்துக்கோ," என்று அதையும் நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுண்ணாம்பு போய்ச் சேர்ந்தார். நடந்ததைச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்டா, உலகத்துல வேற மூஞ்சியே கிடைக்கலியா உனக்கு?"

"வேணும்னு செய்யலக்கா. கை போயிடுச்சு."

"கை போகட்டும். வேன் போயிடுச்சே, அதுக்கு என்ன பண்ணப்போற?"

மாமா ஆணியில் தொங்குகிற சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் சுண்ணாம்பை அறைந்தது. திட்டுகிற அக்காவுக்குப் பதில் சொல்லிவிடலாம். இந்த மனிதருக்கு என்ன சொல்வது?

"நானே போட்டேன், நானே எடுக்கறேன் மாமா," என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார்.

அவருடைய யோசனை நல்ல யோசனைதான். அதே கடுகை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை மாமாவை நினைக்காமல், ஆந்தை சார் எப்போதோ இன்சூரன்ஸ் விருது வாங்கிய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துலக்கினார். ஆந்தை சார் வந்தார். பிறகு தன்னையே வைத்துத் துலக்கினார். தானும் வந்தார். மருந்துக்கடைக்காரரை வைத்துத் துலக்கினார், அவரும் கண்ணாடியோடு வந்தார். எல்லாவற்றையும் குழுவில் போட்டு எழுதினார்: "பாருங்க, ஒரே படம்தான். யாரை நெனச்சுத் துலக்கினாலும் அவங்க வராங்க. அந்தப் படத்துல முகமே இல்ல. நான் போட்டது என் கை வழக்கம். வேன் டிரைவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. தப்பு என்னோடது."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? குழுவில் எல்லோரும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எழுதினார்: "அப்ப ஆள் ஒருத்தன் இல்ல. கும்பல்."

"நாலு பேர் கும்பல்," என்று இன்னொருவர் எண்ணிச் சொன்னார்.

"கழுகுக்கண்ணை மிரட்டி எழுத வச்சிருக்காங்க. அவர் எழுத்துலயே பயம் தெரியுது."

"ஆந்தை சார், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்குக் காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

ஆந்தை சார் தன் குழுவிலேயே தான் எங்கே இருந்தேன் என்று விளக்கி எழுத ஆரம்பித்தார். மருந்துக்கடைக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்று, தலைவலி மாத்திரை வாங்குகிற மாதிரி கடைக்காரரையே உற்றுப் பார்த்தார்கள். மாமாவின் நிஜப் படத்தை யாரோ போட்டு, இரட்டைத் தாடையும் மச்சமும் இருக்கிறதே, துலக்கிய படத்தில் இல்லையே என்று நியாயமாகத்தான் கேட்டார். அதற்கும் பதில் வந்தது: "தொப்பையும் தாடையும் வளர்த்து வேஷம் போட்டிருக்கான்." பதினைந்து வருடமாக அக்காவின் சமையலில் வளர்ந்த தாடை அது.

மிச்சம் இருந்த ஒரே இடம் போலீஸ் நிலையம். சுண்ணாம்பு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு என்று அக்காவும் வந்தாள், யாருக்குத் துணை என்று சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மேசை முழுக்க யார் யாரோ கொண்டுவந்து கொடுத்த 'தடயங்கள்' குவிந்திருந்தன. ஒரு ஒற்றைச் செருப்பும் இருந்தது.

சுண்ணாம்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இன்ஸ்பெக்டர் துலக்கிய முகத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இது இவரா?"

"பேருக்கு இவர்தான் மேடம்," என்றாள் அக்கா. "நானும் ரொம்ப நாளா தேடறேன், இந்த ஆள் இன்னும் வீட்டுக்கு வரல."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். பிறகு சுண்ணாம்பின் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அந்தத் தொப்பி போட்டவங்க யாருன்னு எங்களுக்கு முதல் நாளே தெரியும். தெரு பெருக்கற அம்மா. யூனிபார்ம் தொப்பி அது. குழந்தை தனியா நின்னுச்சுன்னு கையைப் பிடிச்சு ரோடு தாண்டி விட்டிருக்காங்க. அவங்களே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. பேரன் பேத்தி எடுத்த பொம்பளைக்கு நீ மீசை வச்சிருக்க."

"அதை வெளியில சொல்லிடலாமே மேடம்," என்றார் மாமா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சொன்னா உங்க வாசல்ல நிக்கறவங்க எல்லாம் அந்தம்மா வாசலுக்குப் போவாங்க. குழந்தை கிடைக்கட்டும், சொல்றோம்." பிறகு சுவரில் ஒட்டியிருந்த சிறுமியின் படத்தைக் காட்டினார். "இதுவும் உன் கைவரிசைதானே? தாடையில தழும்புன்னு அடையாளம் எழுதி ஊரெல்லாம் அனுப்பியிருக்கோம். படத்துல தாடை முட்டை மாதிரி இருக்கு. ரெண்டு ஊர்லருந்து போன் பண்ணி, எந்தப் பொண்ணைத் தேடறதுன்னு கேட்டாங்க."

 திருத்தாத படம் கணினியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தார். சைக்கிளில் விழுந்து வாங்கிய சின்னத் தழும்பு, சிரிக்காத வாய். இப்படிப் பார்க்கும்போது அந்தப் பெண் நேரில் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது. அதை ஏன் அழித்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

வெளியே வந்ததும் அக்கா கையை நீட்டினாள். "போனைக் குடு."

"எதுக்குக்கா?"

"உன் கைக்கு வேலை இல்லாம இருக்கணும். குடு."

பறித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை அக்கா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, குழுவில் வந்த ஒவ்வொரு குரலையும் போட்டுக் கேட்டாள். துப்புத் துலக்க இல்லை. தன் கணவரை யார் யார் என்னென்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ள. பின்னால் தேவைப்படும் என்றாள். மாமா பக்கத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது. சுண்ணாம்பு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

தாய்ப்புலியின் புதுக் குரல் ஓடியது: "இந்தக் கும்பல் சாதாரணக் கும்பல் இல்ல. தாடையை வளர்த்துச் சுருக்கற ஆளுங்க. நான் என் பொண்ணை வெளியிலயே விடறதில்ல. வேலை முடிஞ்சு வந்தா வீட்டுக்குள்ள நானும் அவளும் மட்டும்தான். கதவைச் சாத்திட்டு உக்காந்துடறோம்..."

மாமா கண்ணைத் திறந்தார். "அதை மறுபடி போடு."

"எதுக்கு, திட்டு வாங்கினது பத்தலியா?"

"போடும்மா."

அக்கா போட்டாள். தாய்ப்புலி தாடையைப் பற்றிச் சொல்கிற இடத்தில், தூரத்தில், அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் யாரோ சிரிக்கிற சத்தம். ஒரு சிரிப்பு கீச்சென்று. இன்னொன்று நடுநடுவே விக்கிக்கொண்டு.

"இது நம்ம பின்சீட்டு ஜோடி," என்றார் மாமா. "தினமும் என் தலைக்குப் பின்னால கேக்கற சத்தம். கீச்சுன்னு சிரிக்கறது அந்தம்மா பொண்ணு. விக்கிக்கிட்டே சிரிக்கறது அவ."

வெங்காயம் உருண்டு போனது. சில நூறு பேர் இருக்கிற குழு அது. செருப்பைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், காற்றைப் பார்த்தார்கள், கடுகுக்குள் மூக்கைப் பார்த்தார்கள். அந்தக் குரலை எல்லோரும் கேட்டுக் கைதட்டியும் இருந்தார்கள். சிரிப்பை யாரும் கேட்கவில்லை.

சுண்ணாம்பு எழுந்து கைபேசிக்குக் கையை நீட்டினார். "குழுவில போடலாம்..."

"கையை உடைச்சிடுவேன்," என்றாள் அக்கா. இன்ஸ்பெக்டருக்குத்தான் போன் போனது.

இரண்டு பெண் காவலர்கள் சீருடை இல்லாமல் தாய்ப்புலியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் போலீஸ் தன் உதவியைக் கேட்டு வந்திருக்கிறது என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டாராம். சமையலறைக்கு மேலே பரண். பரணில் பழைய மெத்தைக்குப் பின்னால் போர்வை, பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில், ஒரு தாயக்கட்டைப் பலகை, தழும்போடு ஒரு சிறுமி. காலையில் தாய்ப்புலி வேலைக்குப் போனதும், தோழி கொடுத்த சாவியால் உள்ளே வந்திருக்கிறாள். விடுதிப் பள்ளியில் சேர்கிற கடைசி நாள் போகட்டும், பிறகு இறங்கலாம் என்று திட்டம். இத்தனை நாளும் ஊர் முழுக்கத் தேடிய தாய்ப்புலி, அவளுக்கு நேர் கீழே நின்றுதான் துப்பறிந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, பயமா இல்லியா மேல?" என்று காவலர் கேட்டதற்கு, "ஆன்ட்டி பேசறதைக் கேட்டுட்டு இருந்தோம், பொழுது போச்சு," என்றாளாம்.

குழந்தையின் அம்மா பரணுக்குக் கீழே வந்து அழுத அழுகையைப் பற்றிக் காவலர்கள் சொன்னதாக மாமாதான் பிறகு சொன்னார். அதைச் சொல்லும்போது அவரும் மூக்கை உறிஞ்சினார். விடுதிப் பேச்சு அதோடு நின்றது. குழுவில் ஆந்தை சார், 'விடமாட்டோம் குழுவின் இடைவிடாத முயற்சியால் குழந்தை மீட்பு' என்று எழுதினார். கழுகுக்கண்ணுக்குத் தனியாக நன்றி. அன்று இரவு தூங்கி எழுவதற்குள் அவர்கள் யாரோ ஒருவரின் காணாமல் போன மோட்டார் சைக்கிளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் சுண்ணாம்பு நினைத்தார். காலையில் பள்ளியிலிருந்து போன் வந்தது. வேனை எடுக்கலாம், ஆனால் பெற்றோர் சம்மதித்தால்தான் என்றார்கள். மாமா எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலிலும் ஹாரன் அடித்தார். திரைச்சீலை விலகியது, கதவு திறக்கவில்லை. காலி வேனோடு திரும்பி வந்து சாவியை மறுபடி ஆணியில் மாட்டினார்.

அக்கா சாவியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். "நீ போட்ட மூஞ்சி. நீயே வீடு வீடாப் போய்த் துடைச்சுட்டு வா."

அப்படித்தான் சுண்ணாம்பு பள்ளி வேனில் ஏறினார். ஸ்டூடியோவை மூடிவிட்டு, மாமாவுக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் கடுகுப் படமும் துலக்கிய படமும் மாமாவின் 'முன்'னும். ஒவ்வொரு வீட்டிலும் இறங்கி விளக்கினார். எளிதாக இல்லை. ஒரு அப்பா கேட்டார்: "அப்ப இந்தப் படத்துல இருக்கறது இவர் இல்ல?"

"இல்ல சார். நான் வரைஞ்சது."

"யாரைப் பாத்து வரைஞ்சீங்க?"

"பழக்கத்துல... இவரைப் பாத்துத்தான்."

"அப்ப இவர்தானே?"

சுண்ணாம்பு மறுபடி கடுகிலிருந்து ஆரம்பித்தார். அந்த வீட்டுக்கு மட்டும் நாலு தடவை போக வேண்டியிருந்தது. கடைசியில் அந்த அப்பாவின் முகத்தையே கடுகில் வைத்துத் துலக்கிக் கொடுத்த பிறகுதான் மனிதர் பயந்துபோய்ப் பிள்ளையை அனுப்பினார். இன்னொரு வீட்டில் ஒரு நிபந்தனை போட்டார்கள், பிள்ளை ஏறி இறங்கும்வரை சுண்ணாம்பும் வேனில் இருக்க வேண்டும் என்று. இருந்தார். பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே, கைக்குட்டையால்.

கடைசியாகத் திறந்த கதவு தாய்ப்புலியின் வீட்டுடையது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேன்வரைக்கும் வந்தார். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் வேன் கண்ணாடியைப் பார்த்து, "வழக்கமான நேரத்துக்கே வந்துடுங்க அண்ணா," என்றார். குரலாகப் பதிந்து அனுப்பாமல் அவர் நேரில் பேசி மாமா கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு ஹாரன் அடிப்பேன்மா. பரவாயில்லியா?" என்று கேட்டார் மாமா. மகள் ஏறி உட்கார்ந்ததும் பின்சீட்டில் ஒரு கீச்சும் ஒரு விக்கலும் கேட்டன.

இப்போது ஸ்டூடியோவில் கொஞ்சம் மாற்றம். முக்காலியில் உட்காருகிறவரிடம், "தழும்பு இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?" என்று கேட்கிறார் சுண்ணாம்பு. பெரும்பாலும் எடுக்கத்தான் சொல்கிறார்கள். எடுக்கிறார். ஆனால் எடுக்காத படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். கண்ணாடிப் பெட்டியில் 'பின்' போய்விட்டது. ஒரே படம்தான், பெரிதாக: இரட்டைத் தாடை, உளுந்து மச்சம், இறங்கிய புருவம். கீழே எழுத்து எதுவும் இல்லை.

ஒருநாள் மாலை வேனை நிறுத்திவிட்டு மாமா அந்தப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்:

"எல்லாம் சரிதான்டா. அந்தத் தாடையை மட்டும் லேசா..."

சுண்ணாம்பின் கை கணினி மவுஸின் மேல் போனது. அவரே அதைப் பிடித்து இழுத்து மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"பேசாம வண்டியை எடுங்க மாமா," என்றார். "அக்கா சாப்பாடு எடுத்து வச்சிருப்பா."